அடையாக் கதவு

இரவு வந்ததும் வாயிற்கதவை அடைத்தல் எந்நாட்டு இல்லத்திற்கும் இயல்பே. ஆயின், பழந்தமிழ் மக்கள் அதனை வாளா அடைத்துவிடவில்லை. உள்ளே வரவேண்டியவர் எவரேனும் வெளியே நிற்கின்றனரோ என்று வினவிய பின்னரே அடைத்தனர் என்பது குறுந்தொகைச் செய்யுள் ஒன்றால் புலனாகின்றது. வினவாது அடைக்கும் கதவு வெளியே நிற்பவர்க்கு எத்தகைய துயர் விளைக்கும் என்பதனை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர் போலும்!

இலண்டன் மாநகரில், ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு கதவு ஒரு சிறுவனுக்கு அடைபட்டது. அச்சிறுவன் சில நாட்களில் உயிர் நீத்தான். அதன்பின், அக்கதவு வறிய குழந்தை எதற்கும் அடைபடலாகாது என்று அதற்குரியவர் உறுதி பூண்டார். அவரே தாமஸ் ஜான் பர்னார்டோ என்னும் கிறித்தவத் தொண்டர். அவர்தம் வாழ்வு இரக்கத்தின் ஆற்றலைக் காட்டுவது. இரக்கமும் வழி தவறக்கூடும் என்பதனையும் உடன் காட்டுவது.

கீழை இலண்டன்

பர்னார்டோ 1845-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 4-ஆம் நாள் அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில் பிறந்தார். பதினேழாம் வயதில் சமயப் பற்று மிக்கவராயினார். சீன நாடு சென்று மருத்துவமும் சமயத்தொண்டும் ஆற்ற வேண்டும் என்பது அவரது விருப்பம். அதற்கென மருத்துவம் கற்க, 1866-இல் இலண்டனை அடைந்து, நகரின் கீழ்ப்பகுதியில் தங்கினார்.

உலகின் செல்வமெல்லாம் வந்து குவிந்த நகரம் அக்காலத்து இலண்டன். தேம்ஸ் நதியின் துறைகளில் தேயிலையும் சருக்கரையும் பட்டும் மலைபோல் இறங்கின. ஆனால், அம்மூட்டைகளைச் சுமந்த தோள்களுக்கு உரியவரோ ஒற்றை அறைகளில் குடும்பம் குடும்பமாக நெருங்கி வாழ்ந்தனர். துறைமுகத் தொழிலாளர்க்கு நிலையான வேலை இல்லை. விடியற்காலையில் துறைவாயிலில் கூட்டமாய் நிற்பர். மேலாள் சிலரைச் சுட்டி அழைப்பான். அழைக்கப்படாதார் வெறுங்கையராய் வீடு திரும்புவர். அன்று அவர்தம் அடுப்பில் பூனை உறங்கும்.

பெண்டிரும் பிள்ளைகளும் வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டினர். 144 பெட்டிகள் செய்தால் கிடைத்த கூலி ஏறத்தாழ இரண்டேகால் பென்னி. அதிலும் பசைக்கும் நூலுக்கும் ஆகும் செலவு அவர்களுடையதே! ஐந்து வயதுக் குழந்தையின் கையும் அவ்வேலையினின்று விலக்குப் பெறவில்லை. இத்தகைய குடும்பத்தில் தந்தை நோயுற்றால், அல்லது தாய் மறைந்தால், பிள்ளைகள் தெருவை அடைதல் வியப்பன்று.

பர்னார்டோ வந்த அவ்வாண்டிலேயே கீழை இலண்டனில் வாந்திபேதி பரவியது. தூய்மை செய்யப்படாத குடிநீரே அதற்குக் காரணம் என்று பின்னர்த் தெளிவாயிற்று. இலண்டன் முழுவதிலும் ஐயாயிரவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் அக்கீழ்ப்பகுதியினரே. நோயுற்ற இல்லங்களின் துயரை இளைஞராகிய பர்னார்டோ நேரிற் கண்டார். சீனம் செல்ல வந்தவரின் உள்ளம் அச்சேரிகளின்பால் மெல்லத் திரும்பலாயிற்று.

கந்தைப் பள்ளி

அந்நாளில் இங்கிலாந்தில் 'கந்தைப் பள்ளிகள்' என்று வழங்கிய அறப்பள்ளிகள் இருந்தன. கிழிந்த ஆடையும் வெறுங்காலுமாய்த் திரிந்த பிள்ளைகளைப் பிற பள்ளிகள் ஏற்பதில்லை. அவர்கட்கென இரக்கமுடையோர் நடத்திய இலவசப் பள்ளிகளே இவை. பர்னார்டோ இத்தகைய பள்ளி ஒன்றில் பாடம் புகட்டிப் பழகினார். பின்னர், 1867-இல், ஸ்டெப்னி என்னும் பகுதியில் பழைய தொழுவம் ஒன்றைத் திருத்தித் தாமே ஒரு பள்ளி தொடங்கினார்.

எழுத்தறிவும் சமயபோதனையும் அங்கு நிகழ்ந்தன. எனினும், பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பது பர்னார்டோவுக்கு விரைவில் விளங்கிற்று. மணிமேகலைக் காப்பியம் கற்றார்க்கு இது புதிய செய்தியன்று. அறம் உரைக்க வந்த மணிமேகலையின் கையில் முதலில் அமைந்தது அமுதசுரபி என்னும் உணவுக் கலமே அன்றோ? ஆண்டுகள் சென்றபின், 1877-இல், கால்வாய்க் கரையில் இருந்த பண்டகசாலைகளில் பெரியதொரு கந்தைப் பள்ளியைப் பர்னார்டோ நிறுவினார். அங்கே பாடத்தோடு உணவும் வழங்கப்பட்டது. 1908 வரை அப்பள்ளி நடைபெற்றது. அக்கட்டடம் இன்று அருங்காட்சியகமாக விளங்குகின்றது.

கூரைமேல் உறங்கிய சிறுவர்

தொழுவப் பள்ளி நடந்த நாளில், குளிர்கால இரவொன்றில், பாடம் முடிந்து பிள்ளைகள் யாவரும் கலைந்தனர். ஒரு சிறுவன் மட்டும் கணப்பருகே நின்றான், நகரவில்லை. அவன் பெயர் ஜிம் ஜார்விஸ், வயது பத்து. வீட்டிற்குச் செல்லுமாறு பர்னார்டோ கூறினார். தனக்கு வீடே இல்லை என்றான் சிறுவன். தந்தை இல்லை, தாயும் இல்லை. அன்றிரவு அக்கணப்பின் அருகிலேயே கிடக்க விடுமாறு இரந்தான்.

சிறுவன் பொய்யுரைக்கின்றான் என்றே பர்னார்டோ முதலில் எண்ணினார். அவனைப் போல் வேறு சிறுவரும் உளரோ என்று வினவினார். எண்ண முடியாத அளவில் உளர் என்று விடை வந்தது. உணவளித்தபின், நள்ளிரவு கடந்து, சிறுவன் வழிகாட்ட இருவரும் புறப்பட்டனர். சந்தை ஒன்றின் அருகே ஒரு சுவரின்மேல் ஏறினர். அங்கே, திறந்த கூரையின்மேல், பதினொரு சிறுவர் நெருங்கிப் படுத்து உறங்கினர். மேலே போர்வையில்லை; கீழே பாயில்லை; வானத்தினின்று பனி இறங்கிக்கொண்டிருந்தது. அவர்களை எழுப்பட்டுமா என்று ஜிம் கேட்டான். எழுப்பினால் அழைத்துச் செல்ல இடமில்லையே! பர்னார்டோ வேண்டா என்று கையமர்த்தித் திரும்பினார். அவர் இந்நிகழ்ச்சியைப் பின்னாளில் பன்முறை எழுதியுள்ளார். உறங்கிய அம்முகங்களை அவர் என்றும் மறந்திலர்.

ஷாப்ட்ஸ்பரி பிரபு என்னும் அறவோர் அந்நாளில் ஏழைச் சிறாரின் துணைவராய் விளங்கினார். பர்னார்டோ கூறியதனை அவரும் பிற செல்வரும் நம்பமாட்டாராயினர். ஓர் இரவு விருந்துக்குப்பின் பர்னார்டோ அவர்களை மீன் அங்காடியாகிய பில்லிங்ஸ்கேட்டின் பக்கம் அழைத்துச் சென்றார். பண்டங்களின்மேல் மூடியிருந்த பெருந்துணியின் அடியினின்று சிறுவர் ஒருவர்பின் ஒருவராய் வெளிவந்தனர். எழுபத்து மூவர் என்பது பர்னார்டோ தந்த கணக்கு. கண்ட செல்வர் வாயடைத்து நின்றனர். சீனப் பயணத்தைப் பர்னார்டோ கைவிட்டார். தேடிச் செல்ல நினைத்த தொண்டு தெருக்கோடியிலேயே காத்திருந்தது.

அடைபட்ட கதவு

1870-இல் ஸ்டெப்னியில் சிறுவர்க்கென முதல் இல்லம் திறக்கப்பட்டது. பர்னார்டோ இரவில் விளக்கேந்தித் தெருக்களில் அலைந்து, வீடற்ற சிறுவரைத் தேடிக் கொணர்ந்தார். கையிலுள்ள பொருளுக்கு மிஞ்சிச் செலவு செய்யலாகாது என்று அவருக்குப் பலர் அறிவுரை கூறினர். ஆதலின், இடமுள்ள அளவிற்கே சிறுவரைச் சேர்ப்பது என்று அவர் வரையறை செய்துகொண்டார். உலகியல் நோக்கில் அது நேரிய முறையே.

ஓர் இரவு ஜான் சோமர்ஸ் என்னும் சிறுவன் தன்னையும் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டினான். பதினோரு வயதினன்; செந்நிற முடியுடையவன். அதனால் தோழர்கள் அவனைக் 'காரட்' என்று கேலியாய் அழைத்தனர். அன்று இல்லத்தில் இடமில்லை. அடுத்து இடம் வரும்போது அவனுக்கே முதலிடம் என்று பர்னார்டோ உறுதி கூறி அனுப்பினார்.

அடுத்த இடம் வரும்வரை குளிர் காத்திருக்கவில்லை. சில நாட்கள் கழித்து ஒரு காலையில், காலிப் பீப்பாய் ஒன்றைத் தொழிலாளி ஒருவர் அசைத்தார். உள்ளே உறங்கிய சிறுவருள் ஒருவன் விழித்து ஓடினான். மற்றவன் எழவில்லை. அவனே செம்முடிச் சிறுவன்! இடைவிடாது குளிரில் கிடந்தமையும் உணவின்மையுமே இறப்பின் காரணம் என்று விசாரணையில் முடிவாயிற்று. அந்தோ! அரைநாட் கூலிக்குப் பெறத்தக்க ரொட்டியும் ஒரு கந்தற் போர்வையும் இருந்திருப்பின், அவ்வுயிர் நின்றிருக்கும்.

பர்னார்டோவின் நெஞ்சம் பிளந்தது. தாம் செய்தது முறையாயினும் அறமாகாது என்று உணர்ந்தார். வறிய குழந்தை எதற்கும் இங்கு இடமில்லை என்ற சொல் கிடையாது என்று தம் இல்லத்தின் முகப்பில் எழுதி வைத்தார். கடன்பட்டாயினும் சேர்ப்பது என்று துணிந்தார். பிற்காலத்தில், இரவும் பகலும் அடைபடாத வரவேற்பில்லங்கள் பிற நகரங்களிலும் தோன்றின.

சேர்ந்த சிறுவர் சும்மா இருக்கவில்லை. தச்சு, தையல், செருப்புத் தைத்தல், தூரிகை செய்தல், அச்சு முதலிய தொழில்களைப் பயின்றனர். உண்டியும் உறையுளும் தந்தால் மட்டும் போதாது. தன் காலில் தான் நிற்கும் வலிமையும் தரல் வேண்டும் என்பது பர்னார்டோவின் கொள்கை.

குடும்பங்களின் நிலைமையையும் அவர் மறந்திலர். கூலி வாங்கிய ஆடவர் வீடு செல்லும் வழியில் மதுக்கடையில் நுழைவதே பல இல்லங்களின் கேட்டிற்குக் காரணமாயிருந்தது. லைம்ஹவுஸ் பகுதியில் பெயர் பெற்ற மதுக்கூடம் ஒன்று இருந்தது. பர்னார்டோ பொருள் திரட்டி அதனையே விலைக்கு வாங்கினார். 1873-இல் அது காப்பிக்கடையும் வழிபாட்டிடமுமாக மாறித் திறக்கப்பட்டது.

சிற்றில்லங்கள்

1873-இல் பர்னார்டோ மணம் புரிந்தார். பார்க்கிங்சைடு என்னும் ஊரில் ஒரு வீடு அவருக்கு மணப்பரிசாய்க் கிடைத்தது. அங்கே சிறுமியர்க்கென ஓர் இல்லத்தை அவரும் மனைவியாரும் தொடங்கினர். ஏறத்தாழ அறுபது சிறுமியர் ஒரே பெருங்கூடத்தில் தங்கினர். சின்னாட்களில் அம்முறை பிழையென்று பர்னார்டோ கண்டார். கூட்டமாய் அடைக்கப்பட்ட சிறுமியர் ஒருவரிடமிருந்து ஒருவர் தீய சொற்களையே கற்றனர். அவர்கட்குக் கூரை இருந்தது; வீடு இல்லை. மேற்பார்ப்பவர் இருந்தனர், தாய் இல்லை.

தம் செயலைத் தாமே குறைகாணும் துணிவு பெரியோர்க்கே உண்டு. பர்னார்டோ பெருங்கூட முறையைக் கைவிட்டார். பசும்புல்வெளியைச் சுற்றிச் சிறு சிறு வீடுகள் எழுந்தன. வீட்டிற்கு ஒரு 'தாய்' அமர்ந்தார். பெரிய சிறுமியும் சிறிய குழந்தையும் உடன்பிறந்தார்போல் ஓரடுப்பில் உண்டனர். முதற் பதினான்கு வீடுகள் 1876-இல் திறக்கப்பட்டன. பின்னர் அறுபதுக்கு மேற்பட்ட வீடுகளோடு அது ஒரு சிற்றூராகவே வளர்ந்தது.

இதன்பின் அவர் இன்னும் ஒருபடி சென்றார். நாட்டுப்புறத்து நல்ல குடும்பங்களில் பிள்ளைகளை ஒப்படைத்து, வளர்ப்புச் செலவைத் தாம் ஏற்கும் முறையைக் கைக்கொண்டார். கணவன் துணையற்ற வேலைக்காரப் பெண்ணின் குழந்தையை, அவள் பணிபுரியும் இடத்திற்கு அருகிலேயே வளரச் செய்து, அதற்கு உதவும் திட்டமும் உண்டாயிற்று. தாயையும் சேயையும் பிரிக்காது காத்தல் எத்துணைச் சிறந்த உதவி!

இரக்கத்தின் பிழை

பர்னார்டோவின் வரலாற்றை இவ்வளவில் நிறுத்தினால் அது புகழுரையாகும், வரலாறு ஆகாது. அவர்மீது பல குற்றச்சாட்டுகள் எழுந்தன. 1877-இல் நடுவர் குழு அவற்றை ஆராய்ந்தது. பெரும்பாலானவை நிலைபெறவில்லை. ஆயினும், ஒன்றை நடுவர் கண்டித்தனர். இல்லத்திற்கு வருமுன்னும் வந்த பின்னும் எடுத்தவையாகச் சிறுவரின் நிழற்படங்கள் விற்கப்பட்டன. அவற்றுள் சில, இரக்கம் பெருகும்பொருட்டுக் கிழிந்த ஆடை உடுத்திச் செயற்கையாய் எடுக்கப்பட்டவை. நல்ல நோக்கத்திற்காகச் சொல்லினும் பொய் பொய்யே. மேலும், ஏழையின் மானம் பிறர்க்குக் காட்சிப் பொருளன்று.

இதனினும் பெரிய பிழை ஒன்று உண்டு. பெற்றோரின் இசைவின்றியே சில பிள்ளைகளைத் தாம் கொண்டுவந்ததனைப் பர்னார்டோ மறைத்திலர். தீயவரிடமிருந்து காத்தேன் என்றார். அவர்களுள் உண்மையிற் கொடியோரும் இருந்தனர். ஆனால், வறியோர் அனைவரும் கொடியவரோ? பிள்ளையைத் தம் சமயத்து இல்லத்திற்கு மாற்றுமாறு கேட்ட கத்தோலிக்கத் தாய்மாரும் இருந்தனர். பர்னார்டோ இணங்கவில்லை. வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. 1891-இல் தாயின் விருப்பமே மதிக்கத்தக்கது என்று தீர்ப்பாயிற்று.

1882 முதல் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாகக் கனடா நாட்டிற்கு அனுப்பப்பட்டனர். நெருக்கமான சேரியினின்று நீங்கி, பரந்த வயல்வெளியில் நல்வாழ்வு பெறுவர் என்பது நோக்கம். 1939 வரை பர்னார்டோ இல்லங்களிலிருந்து சென்றோர் முப்பதினாயிரவர்க்கு மேற்பட்டவர். சிலர் அன்புள்ள குடும்பங்களை அடைந்து நன்கு வாழ்ந்தனர். பலர் வயலில் கூலியாட்களைப் போல் உழைத்தனர். அண்ணன் ஓரிடத்தும் தங்கை ஓரிடத்துமாகப் பிரிந்தனர். பெற்ற தாயின் முகத்தை மீண்டும் காணாமலே முதுமை எய்தினோர் எத்துணைப் பேர்! வேறு பல நிறுவனங்களும் இவ்வாறே குழந்தைகளைக் கடல் கடந்து அனுப்பின. இம்முறை இருபதாம் நூற்றாண்டிலும் நெடுநாள் நீடித்தது. 2010-இல் பிரிட்டிஷ் பிரதமர் கோர்டன் பிரவுன் அவ்வாறு அனுப்பப்பட்டோரிடம் நாட்டின் சார்பில் மன்னிப்பு வேண்டினார்.

வெளியே நின்ற குழந்தையை உள்ளே அழைக்கக் கதவு திறந்தது. அக்குழந்தையைத் தேடிவந்த தாய்க்கும் அக்கதவு அவ்வாறே திறந்திருத்தல் வேண்டும் அன்றோ? இரக்கம் எவர்க்குச் செய்யப்படுகின்றதோ அவரை ஒரு சொல் கேளாமற் செய்தால், அதுவும் ஒருவகையில் கதவடைப்பே ஆகும்.

நிலைத்த புகழ்

பர்னார்டோ 1905-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 19-ஆம் நாள் இயற்கை எய்தினார். அந்நாளில் 96 இல்லங்களில் எண்ணாயிரத்து ஐந்நூறு குழந்தைகள் வாழ்ந்தனர். அதுவரை அவர் கதவினுள் புகுந்தோர் ஏறத்தாழ அறுபதினாயிரவர். கண் இழந்தாரும் கால் முடங்கினாரும் அவருள் அடங்குவர். மனவளர்ச்சி குன்றிய தம் மகளை அன்போடு வளர்த்த அவர், அத்தகைய பிற குழந்தைகளின் நலத்திலும் தனிக் கருத்துச் செலுத்தினார். அவர் பார்க்கிங்சைடு சிற்றூரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இன்று அவர் பெயரால் இயங்கும் நிறுவனம் பெரிய அனாதை இல்லங்களை நடத்துவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அவை ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. குழந்தை தன் குடும்பத்திலேயே நன்கு வாழத் துணை செய்தல், இயலாவிடத்து வளர்ப்புக் குடும்பம் தேடுதல் என்பனவே அதன் பணிகள். பெருங்கூடத்தினின்று சிற்றில்லத்திற்கும், சிற்றில்லத்தினின்று குடும்பத்திற்கும் அத்தொண்டு நடந்து வந்த தொலைவு பெரிது.

பிறர்க்கு உதவ எண்ணும் இளைஞர் இவ்வரலாற்றினின்று இரண்டு உண்மைகளைக் கைக்கொள்ளுதல் நலம். 'அடுத்த முறை பார்ப்போம்' என்று பசித்தவனிடம் கூறலாகாது. அவனுக்கு அடுத்த முறை என்பது வாராமற் போகலாம். உதவுமுன் உதவி பெறுவோரின் உள்ளத்தையும் உறவையும் வினவி அறிதல் வேண்டும். வினவாது செய்த நன்மை தீமையாய் முடிதலும் உண்டு. கதவை அடைக்குமுன் வெளியே நிற்போர் உளரோ என்று வினவிய பழந்தமிழர் வழக்கில் இவ்விரு உண்மைகளும் அடங்கியுள்ளன.

பயிற்சி வினாக்கள்

1. கீழை இலண்டனில் பிள்ளைகள் தெருவை அடைந்தமைக்குரிய காரணங்கள் யாவை?
2. ஜான் சோமர்ஸ் என்னும் சிறுவனின் முடிவு பர்னார்டோவின் கொள்கையை எவ்வாறு மாற்றியது?
3. பெருங்கூட முறைக்கும் சிற்றில்ல முறைக்கும் உள்ள வேறுபாட்டினை விளக்குக.
4. 'இரக்கமும் வழி தவறக்கூடும்' என்பதனைப் பாடத்தினின்று சான்று காட்டி ஒரு பக்க அளவில் எழுதுக.